இரண்டு வடங்களுக்கு நடுவே

நான்காம் நாள் காலையிலும் சாலை காலியாக இருந்தது.

எர்ணாவூரில் சாலைக்குக் குறுக்கே கப்பலைக் கட்டும் வடம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். பழைய வடம், கெண்டைக்கால் பருமன். பஸ் ஏறி இறங்கியது. ஆட்டோ ஏறி இறங்கியது. பைக்குக்கு ஓரத்தில் ஒரு முழம் விட்டிருந்தார்கள். யாரையும் தடுக்க அல்ல. வேலைநிறுத்தத்தை மீறி எவனாவது கன்டெய்னர் டிரெய்லரை எடுத்துக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் வேகம் குறையும். குறைந்தால் அவனிடம் பேசலாம். அது முபாஷிரின் யோசனை.

முபாஷிர் பதினாறு வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறான். முதலாளி எத்திராஜின் யார்டில் இருபத்திரண்டு வண்டிகள். அந்த ஓட்டுநர்கள் எல்லோருக்காகவும் பேசுவது அவன்தான். கேட்பது ஒன்றே ஒன்று. துறைமுக வாசலுக்கு முப்பது மணி நேரம் வரிசையில் நிற்கும் வண்டியில் இரண்டாவது ஓட்டுநர் வேண்டும்.

இரண்டு மாதம் முன்பு, முப்பத்தொரு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்த ஓட்டுநர் சின்னப்பையன் கண் அசந்து வண்டியைச் சாலையின் நடுச்சுவரில் ஏற்றினார். இப்போது இடது கால் மடங்காது. அவருக்கு வயது ஐம்பத்தேழு.

சின்னப்பையன் வடத்துக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். செங்கல்லின் மேல் வைத்த இரண்டு பலகைகள். ஒன்றில் அவரும் இன்னொருவரும். மற்றதில் இரண்டு பேர், கீழே நான்கு பேர், மாறி மாறி. மேலே தார்ப்பாய்.

"பாய், நாஸ்டா துன்னியா?"

"பசிக்கல."

"நாலு நாளா பசிக்கல. குந்தவும் மாட்ற. இந்த ரோட்ட அளந்துகினே கீற. யாருக்கு விக்கப் போற?"

பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முபாஷிர் நடந்துகொண்டே ஃபவாஸுக்குப் போன் செய்தான். ஃபவாஸ் சாலையின் தெற்கு முனையில், காசிமேட்டுக்கு முன்னால், பத்துப் பேருடன் இருந்தான்.

"ரெண்டாவது வடம் வந்துடிச்சா?"

"வந்துகினு கீதுண்ணா. மீன்பாடி வண்டில எடுத்தாறாங்க. எட்டரைக்குள்ள போட்டுடறோம்."

"நல்லா இழுத்துப் போடு. பதினோரு மணிக்குப் பேச்சு முடியற வரைக்கும் எடுக்காத. யார் சொன்னாலும் எடுக்காத."

"நீ சொன்னா?"

"நான் ஏன் சொல்லப் போறேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டான். கடல் பக்கம் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றான்.

மற்றவர்களுக்கு இன்னும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது. திருவொற்றியூர் பக்கம் இருந்து வரும் சத்தம். இரைச்சல் இல்லை. தகரத்தைக் கிழிப்பது போல் ஒரு சன்னமான ஒலி, அதற்கு அடியில் ஒரு உறுமல். மூவாயிரத்து ஐந்நூறு சுற்றில் கியர் மாறியது. எப்போதும் போல சீக்கிரமாக.

"முதலாளி வராரு" என்றான்.

சாம்பல் நிறப் போர்ஷே வடத்துக்கு ஐம்பது அடி முன்னால் நின்றது. நைன் லெவன் மாடல். பத்து வருடப் பழைய வண்டி. மூன்று வருடம் முன்பு எத்திராஜ் கோயம்புத்தூரில் போய்ப் பார்த்து வாங்கியபோது முபாஷிரையும் அழைத்துப் போனார். இன்ஜினைக் கேட்டுச் சொல்ல அவன் வேண்டும் என்றார். பின்பக்கம் மண்டிபோட்டுக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "எடுண்ணா" என்று அவன் சொன்ன பிறகுதான் எடுத்தார்.

அந்த வண்டியின் வயிற்றுக்கும் சாலைக்கும் நடுவே பதினோரு சென்டிமீட்டர். வடசென்னையில் பதினோரு சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. தெருவுக்குத் தெரு வேகத்தடை. முபாஷிர் கப்பலில் சரக்குக்கு முட்டுக் கொடுத்து வரும் கட்டையில் இரண்டு பலகைகளை இழைத்தான். ஒரு முனையைச் சாய்வாகச் சீவினான். இன்ஜின் பின்னால் இருக்கும் அந்தக் காரின் முன்பக்க டிக்கியில் அவை இருக்கும். ஞாயிறு காலையில் எத்திராஜ் ஓட்டுவார். இடது பக்கம் முபாஷிர். வேகத்தடை வந்தால் இறங்கிப் பலகைகளைப் போடுவான். வண்டி ஏறி இறங்கியதும் எடுத்து வைப்பான். ராயபுரத்திலிருந்து மணலி வரை இருபத்துமூன்று தடைகள். மூன்று வருடத்தில் எத்தனை ஞாயிறு என்று அவன் கணக்கு வைக்கவில்லை. ஓட்டத் தா என்று அவன் கேட்டதில்லை. ஓட்டு என்று அவரும் சொன்னதில்லை.

டிரெய்லர்கள் நிரம்பியிருக்கும் இந்தக் கடற்கரைச் சாலையிலும், ராயபுரத்திலிருந்து இதற்கு வரும் வழியிலும் தடையே கிடையாது. ஆனால் இங்கே எந்த நாளும் எந்த நேரமும் வரிசை. நகராத வரிசைக்குப் பக்கத்தில் அந்த வண்டியை எடுத்துப் போவதில் அர்த்தமில்லை.

எத்திராஜ் கதவைத் திறந்து தலையை நீட்டினார். ஐம்பத்திரண்டு வயது. வெள்ளைச் சட்டை. பதினோரு மணிக்கு ராயபுரத்தில் முதலாளிகள் பக்கம் உட்காரப் போகிறவர்களில் ஒருவர்.

"முபாஷிர். இங்க வா."

அவன் போனான். பலகையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"பேச்சு பதினோரு மணிக்குண்ணா."

"அது தெரியும். ரோட்ட பாத்தியா?"

"பாத்துகினுதான் கீறேன்."

"மூணு வருசமா நீயும் நானும் இந்த ரோட்ட இப்டி பாத்துக்கீறமா? நாளைக்கு இது இருக்காது." எத்திராஜ் இறங்கிச் சுற்றி வந்து இடது பக்கக் கதவைத் திறந்தார். "நீ ஓட்டு."

பின்னால் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு, இந்த நேரத்தில், முதலாளியின் காரில் ஏறுகிறவனைப் பார்த்தால் எவனும் ஒன்றைத்தான் நினைப்பான். அவன் இடத்தில் வேறு ஒருவன் ஏறினால் முபாஷிரே அதைத்தான் நினைப்பான். பதினோரு மணிக்கு அவன் பேசும்போது அவனுக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சு நிமிசம்" என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஏறினான்.

சீட் தரைக்கு மிக அருகில் இருந்தது. டிரெய்லரில் சாலையை மாடியிலிருந்து பார்ப்பது போல் பார்ப்பான். இங்கே கையை நீட்டினால் தார் தொட்டுவிடும். முன்னால் ஐந்து வட்டங்கள். நடுவில் இருப்பது வேகம் அல்ல. இன்ஜினின் சுற்று. வேகம் இடது பக்கம், சின்னதாக. இதை மூன்று வருடமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்திருக்கிறான். இப்போது நேராக இருந்தது.

வண்டியைத் திருப்பினான். எதிரே தெற்கு. வலது பக்கம் வீடுகள், இடது பக்கம் பாறைகளும் கடலும்.

"முள்ளு ஏழாயிரம் வரைக்கும் போகும்" என்றார் எத்திராஜ்.

"தெரியும். நீதான் வுட்டதில்ல."

"பயமா கீதுடா."

"இன்னாத்துக்குப் பயம். அதுக்குத்தான செஞ்சி வெச்சிக்கீறான்."

அழுத்தினான்.

முதுகில் வந்து தள்ளியது. முன்னால் இழுக்கவில்லை. பின்னாலிருந்து, இடுப்புக்குக் கீழே கை வைத்து யாரோ தள்ளுவது போல. நான்காயிரம். ஐந்தாயிரம். அவன் விரல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், கியர் விசையில் காத்திருந்தது. ஆறாயிரத்து ஐந்நூறில் தட்டினான். கியர் மாறியதில் இடைவெளியே இல்லை. சத்தம் மட்டும் ஒரு படி இறங்கி மறுபடி ஏறியது.

டிரெய்லரின் ஸ்டீயரிங்கை இரண்டு விரல்கடை திருப்பிய பிறகுதான் வண்டி திரும்ப யோசிக்கும். பிரேக்கை மிதித்தால் முதலில் காற்று சீறும், பிறகு பிடிக்கும், பிறகு பின்னால் இருக்கும் முப்பது டன் அதைக் கேட்கும். பதினாறு வருடமாக அவன் எதைச் சொன்னாலும் சற்றுக் கழித்துத்தான் நடந்தது. இந்த வண்டியில் அந்தச் சற்று இல்லை. நினைத்தான், திரும்பியது. சாலையில் ஒரு கூழாங்கல் கிடந்தால் அது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"பள்ளம்" என்றார் எத்திராஜ். கைப்பிடியைப் பிடித்தார்.

"தெரியும்."

வலது சக்கரத்தைப் பள்ளத்தின் விளிம்பில் விட்டுக் கடந்தான். அடுத்தது டீக்கடைக்கு எதிரே, இடது தடத்தில். அதற்கடுத்து நூறு அடியில் பைப் போட்டு மூடிய இடம், மேடு. வேகத்தைக் குறைத்து, நடுச்சுவரை ஒட்டிப் போய், மறுபடி அழுத்தினான். மணிக்கு நூறு அடி நகரும் வரிசையில் வருடக்கணக்காக நின்றவனுக்கு இந்தச் சாலையில் தெரியாத குழி இல்லை.

வேகம் நூற்று நாற்பது. எத்திராஜ் சிரித்தார். பிறகு பேசினார். சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"எங்கூட்டுல கேட்டாங்க. இந்த வயசுல எதுக்கு இதுன்னு. பொண்டாட்டி நர்மதா கேட்டா, பொண்ணு கேட்டா. நான் இன்னா சொல்றது. சின்ன வயசுல அப்பாகூட ஃபைபர் போட்டுல கடலுக்குப் போவேன். இன்ஜின் பின்னால. அலையத் தாண்டினதும் அப்பா முறுக்குவாரு பாரு, முதுகுல வந்து இடிக்கும். கரைல எந்த வண்டிலயும் அது இல்ல. எல்லாத்துலயும் இன்ஜின் முன்னால. இதுல மட்டுந்தான் கீது."

"அத்த சொல்ல வேண்டிதான."

"சொன்னா சிரிப்பாங்க."

முபாஷிர் சிரிக்கவில்லை. அவன் அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிரெய்லரில் அந்த வளைவு ஒரு வேலை. பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி விட்டான். மூக்கு இறங்கியது. திருப்பினான். பின்பக்கம் ஒரு நொடி லேசாகி, உட்கார்ந்து, தள்ளியது. அவன் வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. சொல் அல்ல.

நான்கு நாளில் முதல் முறையாக அவன் எதையும் யோசிக்கவில்லை.

அதனால்தான் கடைசி நேரத்தில் பார்த்தான்.

காசிமேட்டுக்கு முன்னால், சாலையின் அந்த ஓரம் முதல் இந்த ஓரம் வரை, கறுப்பாக ஒரு கோடு. அதற்கு அப்பால் ஃபவாஸும் பத்துப் பேரும். அருகில் காலி மீன்பாடி வண்டி.

பிரேக்கை மிதித்தான். சொன்ன இடத்தில் நின்றது. வடத்துக்கு ஆறு அடி முன்னால்.

ஃபவாஸ் நடந்து வந்து குனிந்து, ஓட்டுநர் சீட்டில் இருப்பவனைப் பார்த்தான். இடது பக்கம் இருப்பவரைப் பார்த்தான்.

"ண்ணா."

"இம்."

"எட்டரைக்குப் போட்டுட்டேன். நீ சொன்ன மாதிரி இழுத்துப் போட்டுக்கீது."

பதினோரு சென்டிமீட்டர். வடம் பன்னிரண்டு இருக்கும். வடசென்னையில் இந்த வண்டியின் வயிறு தரையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை மூன்று வருடம் செய்தவன், அதற்கு மட்டுமே தடையாகும் ஒன்றைச் சாலையின் இரண்டு முனையிலும் போடச் சொல்லியிருக்கிறான். கார், பஸ், ஆட்டோ எல்லாவற்றையும் நினைத்தான். இதை நினைக்கவில்லை.

ஃபவாஸுக்குப் பின்னால் ஒருவன் போனை உயர்த்திப் படம் எடுத்தான்.

"வடத்த எடுக்கட்டுமாண்ணா?" என்றான் ஃபவாஸ். குரலில் மரியாதை குறையவில்லை. "எட்டுப் பேர் புடிச்சாப் போதும். ஆனா காலைல நீதான் சொன்ன, யார் சொன்னாலும் எடுக்காதன்னு. இப்ப நீயே சொல்லு."

எத்திராஜ் முபாஷிரைப் பார்த்தார்.

"எடுக்காத" என்றான் முபாஷிர்.

"சரிண்ணா."

"எதுக்குடா பேஜாரு, பலகை கீதே" என்றார் எத்திராஜ். இறங்கி முன்பக்க டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு துடைக்கும் துணி, தண்ணீர் பாட்டில். வேறு ஒன்றும் இல்லை.

"பலகை எங்க?"

முபாஷிர் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி சொன்னான். "ஞாயித்துக்கிழம கழுவி யார்டுல காய வெச்சேன். திங்கக்கிழம அங்கேந்து எடுத்துட்டேன். குந்தறதுக்கு."

"யார் குந்தறதுக்கு?"

"எல்லாரும்."

எத்திராஜ் டிக்கியை மூடினார். மெதுவாக, இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தி. அப்படித்தான் மூட வேண்டும் என்று முபாஷிர்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

பக்கத்துத் தெருக்கள் எதிலும் நுழைய முடியாது. எல்லாவற்றிலும் வேகத்தடை. மறுபக்கம் கடல். எர்ணாவூருக்குத் திரும்பிப் போய்ப் பலகைகளை எடுத்து வருவது ஒன்றுதான் வழி.

திரும்பும்போது முபாஷிர் ஐம்பதைத் தாண்டவில்லை. இன்ஜின் முணுமுணுத்தது. வீடுகளின் வாசலில் நின்றவர்களால் இப்போது காருக்குள் இருப்பவர்களைப் பார்க்க முடிந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"ஒண்ணு சொல்றேன், கேளு" என்றார் எத்திராஜ். "இத்த நான் உன்ன வாங்கறதுக்குக் கூட்டியாரல. சத்தியமா. ரோடு காலியா கீது, நீ ஓட்டணும்னு தோணிச்சி."

"தெரியும்."

"ஆனா வந்தது வந்தாச்சி. உன்ன பாத்துட்டாங்க. இனிமே நீ இன்னா சொன்னாலும் அவனுங்க காதுல ஏறாது. அதனால சொல்றேன். நாளைக்குக் காலைல நம்ம யார்டு வண்டிய மட்டும் எடுத்துடலாம். உன் வண்டிக்கு ரெண்டாவது டிரைவர நாளைக்கே போட்டுடறேன். மத்த வண்டிக்கு மொள்ள பாக்கலாம்."

முபாஷிர் கியரைத் தானாக மாறும்படி விட்டுவிட்டான்.

"இன்னொண்ணு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம இத்த நீ எடுத்துக்க. நான் இல்லாம. எங்க வேணா போ. ஆந்திரா பார்டர் தாண்டிட்டா நல்ல ரோடு. பலகையே வேணாம்."

அந்தச் சாலையை முபாஷிர் அறிவான். ஆறு வழி. லாரிகளைத் தாண்டிவிட்டால் நேராக, வெகு தூரம். ஏழாயிரம் வரை போய், மாற்றி, மறுபடி ஏழாயிரம். பக்கத்தில் மனைவி ஹஃப்சா உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள்.

"யோசி" என்றார் எத்திராஜ்.

அவன் யோசித்தான். எர்ணாவூர் வரும் வரை யோசித்தான். இல்லை என்று ஒரு தடவைகூடச் சொல்ல வரவில்லை.

வடம் தெரிந்தது. தார்ப்பாய் தெரிந்தது. படம் அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ஒருவன் போனைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். முபாஷிர் ஐம்பது அடி முன்னால் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இறங்கினான். எத்திராஜும் இறங்கி ஓட்டுநர் பக்கம் வந்து நின்றார்.

முபாஷிர் பலகைகளை நோக்கி நடந்தான். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தான். ஒருவன் காறித் துப்பினாலும் பரவாயில்லை.

சின்னப்பையன் பலகையில் கையை ஊன்றி எழுந்தார். மடங்காத காலை முதலில் இழுத்து, பிறகு மற்றதை. ஒருவன் அவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டான். மற்றவர்களும் எழுந்தார்கள். எட்டுப் பேரும் ஓரமாக நின்றார்கள். இரண்டு பலகைகளும் காலியாக இருந்தன.

"ஃபவாஸு சொன்னான்" என்றார் சின்னப்பையன். "பலகை வேணுமாமே. எடுத்துக்க, பாய். உன்னிதுதான."

அவர் குரலில் கோபம் இல்லை. வண்டிக்கு வழிவிடுவது போல நகர்ந்து நின்றார்.

முபாஷிர் குனிந்தான். சீவிய முனை உள்ளங்கையில் பட்டது. நான்கு நாள் உட்கார்ந்ததில் மரம் வழவழப்பாகியிருந்தது. பின்னால் இன்ஜின் ஓடுவது கேட்டது. சீராக, ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே. அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"டேய், எடுத்துகினு வா. மணி ஆவுது" என்றார் எத்திராஜ்.

முபாஷிர் பலகையில் உட்கார்ந்தான்.

எத்திராஜ் இரண்டு அடி முன்னால் வந்தார்.

"முபாஷிர்."

"பதினோரு மணிக்கு வர்றேண்ணா. அங்க பேசலாம். இருவத்திரெண்டு வண்டிக்கும்."

"நான் எப்டிடா போறது?"

"வண்டிய நிறுத்திட்டு ஆட்டோல போ. நாங்க பாத்துக்கறோம்."

எத்திராஜ் எட்டுப் பேரையும் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அதை அவர்களிடம் விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை. உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி திரும்பித் தெற்கே போனது.

கொஞ்ச நேரம் யாரும் உட்காரவில்லை. பிறகு சின்னப்பையன் வந்து காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருவன் மற்ற பலகையில் உட்கார்ந்தான். இரண்டு பேர் கடைசி வரை நின்றுகொண்டே இருந்தார்கள். படம் வந்த போனும் அவர்கள் கையில்தான் இருந்தது.

"அஞ்சு நிமிசம்னு சொன்ன" என்றார் சின்னப்பையன்.

"ஆமா."

"இருவது ஆச்சி."

"ஆமா."

கடல் பக்கமிருந்து காற்று தார்ப்பாயை அடித்தது. சின்னப்பையன் பீடியைப் பற்றவைத்தார்.

"எப்டி கீது?"

"இன்னாது?"

"வண்டி."

முபாஷிர் அவரைப் பார்த்தான். கிண்டல் இல்லை. மற்ற பலகையில் இருந்தவர்களும் திரும்பினார்கள்.

"சொன்னதும் கேக்குது" என்றான்.

சின்னப்பையன் புகையை விட்டார். தலையை ஆட்டினார்.

ஒன்பதரைக்கு மறுபடி அந்தச் சத்தம் வந்தது. வண்டி வடத்துக்கு நூறு அடி முன்பே திரும்பியது. எத்திராஜ் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. தெற்கே போனார். பத்து நிமிடத்தில் மீண்டும் வந்தார். திரும்பினார். போனார்.

"இன்னாத்துக்கு இப்டி போய்ப் போய் வராரு?" என்றான் ஒருவன். "பெட்ரோலு எவ்ளோ கீது?"

"அரை டேங்கு" என்றான் முபாஷிர்.

"பைத்தியம்."

மூன்றாம் முறை வந்து போகும்போது முபாஷிர் தலையைக் குனிந்து கேட்டான். மூவாயிரத்து ஐந்நூறு. இப்போது மாற்றுவார். மாற்றவில்லை. நான்காயிரம் தாண்டியது. ஒலி மெலிந்து உயர்ந்துகொண்டே போனது. ஐந்தாயிரம். ஆறாயிரம்.

அவன் வலது கால் செருப்போடு மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.